எங்கள் தெரு மரியாதையும் கமலாவின் புண்ணும்

எனக்கு வாசனை தெரியாது. மல்லிகைப்பூவும் தெரியாது, சாக்கடையும் தெரியாது. ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் முதலில் பச்சைத் தோல் பிரிவிலும், பிறகு சாயம் ஸ்ப்ரே அடிக்கும் பிரிவிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மூக்கு எப்போது போனது என்று கேட்டால் எனக்கே தெரியாது. ஒரு நாள் என் மனைவி கமலா, "பருப்பு அடிப்பிடிச்சி தெருவே கூடுது, நீங்க அடுப்புப் பக்கத்துல உக்காந்து பேப்பர் படிக்கிறீங்க" என்று கத்தினாள். அன்றுதான் வீட்டில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்தது. "உங்க மூக்கு கண்ணாடி மாட்றதுக்குன்னு வெச்சது" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். எங்கள் தெருவில் என் வயது ஆண்களில் பாதிப் பேர் இப்படித்தான் என்பதால் நானும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதலிலேயே இதைச் சொல்லக் காரணம், கீழே எழுதப்போவதெல்லாம் இதனால் வந்த வினை. படுத்த படுக்கையாக ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் படித்தால் பிரயோஜனப்படும், எழுதுங்கள் என்று என் மகள் சுமதி நச்சரிக்கிறாள். பிரயோஜனப்படுமா என்று எனக்குச் சந்தேகம்தான். நல்ல முடிவை எதிர்பார்ப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

போன மழைக்காலத்தில் கமலாவுக்குப் பக்கவாதம் வந்தது. மாடியில் காயப்போட்ட துணியை எடுக்கப் போனவள் திரும்பி வரவில்லை. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. பேச்சு போவது என்றால் நாக்கில் கோளாறு என்று நினைத்திருந்தேன். அப்படியில்லையாம். வார்த்தையை எடுத்துக் கொடுக்கிற இடம் மூளையில் கெட்டுப்போய்விடுகிறது. நாம் சொல்வது அவளுக்குப் புரியும். அவளுக்குச் சொல்ல வேண்டியதும் உள்ளே இருக்கும். வெளியே வர வழி இருக்காது. நாள் முழுக்க வாயாடிக்கொண்டிருந்தவளுக்கு இது வந்தது கொடுமை.

எங்கள் பகுதியில் வயதானவர்களையும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களையும் கவனிக்க ஒரு தொண்டுக் குழு இருக்கிறது. பெயர் வேண்டாம். பள்ளிவாசலிலும் சர்ச்சிலும் கடைத்தெருவிலும் வசூல் செய்து நடத்துகிறார்கள். வீல்சேர் கொடுப்பார்கள், டயப்பர் கொடுப்பார்கள். உடம்பு அழுந்தாமல் தாங்கும் காற்று மெத்தை இருப்பதே சிலதான் என்பதால் அதற்கு மட்டும் காத்திருக்க வேண்டும். ஒரு வீட்டில் சாவு விழுந்தால்தான் இன்னொரு வீட்டுக்கு மெத்தை வரும். "சீக்கிரம் கெடைக்கும்ணா" என்று அவர்கள் சொல்லும்போது சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியாமல் தலையாட்டி வைப்பேன்.

அந்தக் குழுவில் எங்கள் பக்கத்து வீட்டு ஜமீலாவும் ஒருவர். டேனரியில் என்னோடு வேலை பார்த்தவரின் மனைவி. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். காலையில் வந்து கமலாவைக் குளிப்பாட்ட உதவுவார், போகும்போது கஞ்சி வைத்துவிட்டுப் போவார். ஆரம்பத்தில் குழுவின் நர்ஸ் ஒருவரும் வந்துகொண்டிருந்தார். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போடச் சொல்லிக் கொடுத்தது அவர்தான். ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தால் எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே மாட்டிக்கொண்ட சதைக்கு ரத்தம் போகாது, சதை செத்துவிடும், அதற்குப் பெயர்தான் படுக்கைப் புண் என்றார். பிறகு அவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது, போய்விட்டார். பதிலுக்கு ஆள் தேடிக்கொண்டே இருந்தார்கள்.

நானும் சுகமாக வெளியே போய் வர வேண்டும் என்று வாரத்தில் ஒரு மதியம் என் இடத்தில் உட்கார ஓர் ஆளை அனுப்பினார்கள். அவர்தான் ருக்மணி, ஒடுகத்தூர்க்காரர். படுத்துக் கிடந்த மாமியாரைக் கடைசி வரை பார்த்தவர். அதற்குப் பிறகு குழுவில் பயிற்சி எடுத்துக்கொண்டு, வேர்க்கடலை வேலை இல்லாத நாளில் ரெண்டு பஸ் மாறி வருவார். ஆம்பூரில் ஆளே இல்லையா என்று கேட்காதீர்கள். இங்கே பகலில் பெண்கள் யார் வீட்டில் இருக்கிறார்கள்? விடிந்தால் ஷூ கம்பெனி பஸ் வந்து அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. தொண்டுக்கு ஆள் வெளியூரிலிருந்துதான் வர வேண்டியிருக்கிறது.

கமலாவின் இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடியும் இடத்தில் முதலில் சிவந்தது, பிறகு கொப்புளம் வந்து உடைந்தது. நர்ஸ் போன பிறகு நடந்தது இது. நான் பயப்படவில்லை. தோலைப் பற்றி எனக்குத் தெரியாததா? ஈரம் இருந்தால் பச்சைத் தோல் அழுகும், உலர்த்திவிட்டால் மாதக் கணக்கில் அப்படியே கிடக்கும். இந்த ஒன்றை வைத்துத்தான் எங்கள் ஊரே பிழைக்கிறது. அதனால் துடைத்துவிட்டு, பவுடர் போட்டு, அந்தப் பக்கம் ஃபேன் படும்படி படுக்க வைத்தேன். கொஞ்ச நாளில் புண்ணின் மேல் கறுப்பாகப் பொருக்கு கட்டியது. நகத்தால் தட்டிப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது. ஜமீலாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"காஞ்சிடுச்சிண்ணா. அல்லா புண்ணியம்" என்றார் அவரும்.

அந்த நாட்களில் கமலா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டே படுத்திருந்தாள். இந்தப் பக்கம் திருப்பினால் கண்ணை மூடிக்கொள்வாள். நான் கிட்டே போனால் இடது கையால் தள்ளுவாள். என் மேல் ஏதோ கோபம் என்று நினைத்தேன். "இன்னாடி, இந்த வயசுல ஊடலா?" என்று கேட்டுச் சிரித்தும் இருக்கிறேன்.

பிறகு சாப்பாடு இறங்கவில்லை. குளிர் ஜுரம் வந்தது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. பக்கத்து டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, நேரத்தை வீணாக்காமல் வேலூருக்குக் கொண்டு போங்கள் என்றார். வாணியம்பாடியிலிருந்து ஓடி வந்த சுமதியும் நானும் ஆம்புலன்ஸில் போனோம். ஹைவே முழுக்க அவள் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஆம்புலன்ஸ் டிரைவர் ஜன்னலை இறக்கிவிட்டார். ஏசியைப் போடாமல் ஜன்னலை ஏன் திறக்கிறான் என்று எனக்கு எரிச்சல்.

பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஸ்ட்ரெச்சரை ஓர் ஓரமாக நிறுத்தினார்கள். சுற்றிலும் வங்காளத்திலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வந்தவர்கள் மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் எங்களுக்குப் பக்கத்து வரிசை காலியானது. ஒரு வங்காளத்து அம்மாள் புடவைத் தலைப்பை முகத்தில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். நெரிசலான அந்த இடத்தில் எங்களைச் சுற்றி மட்டும் இடம் இருந்தது. வயசானவங்கன்னு ஒதுங்கி இடம் விடுறாங்க, நல்ல ஜனங்க என்று சுமதியிடம் சொன்னேன். அவளும் ஷூ கம்பெனியில் பசை ஒட்டும் லைனில் வேலை பார்த்து மூக்கு மரத்தவள்தான். ஆனாலும் அவள் முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

இளம் டாக்டர் ஒருவர் வந்தார். போர்வையை விலக்குவதற்கு முன்பே கேட்டார்.

"எத்தன நாளா இந்த நாத்தம்?"

"எந்த நாத்தம் சார்?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்கதானே கூட இருந்து பாத்துக்கிறது?"

"நான்தான் சார். ராத்திரி பகலா நான்தான்."

"அப்புறம் எப்படி சார் தெரியாம இருக்கும்?"

எனக்கு மூக்கு கிடையாது என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னாலும் சாக்கு சொல்கிற மாதிரிதான் இருந்திருக்கும். சுமதிதான் சொன்னாள். அவர் கமலாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, அந்தக் கறுத்த பொருக்கின் ஓரத்தை இடுக்கியால் தூக்கினார். நான் பெருமையாகத் தட்டிப் பார்த்த பொருக்கு அது. அதற்குக் கீழே ஒரு கை நுழையும் குழி இருந்தது. சுமதி வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தாள்.

எனக்கு அன்று விளக்கிச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மற்றவர்களுக்காவது தெரியட்டும். படுக்கைப் புண்ணின் மேல் கறுப்பாகக் காய்ந்து நின்றால் ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. அது செத்த தோல். கீழே சீழ் பிடித்து உள்ளுக்குள்ளேயே சதை அழுகிக்கொண்டு போகலாம், மேலே ஒன்றும் தெரியாது. பெரும்பாலும் காட்டிக்கொடுப்பது நாற்றம்தான். கமலாவுக்குக் கிருமி அங்கிருந்து ரத்தத்தில் கலந்துவிட்டது. ஜுரமும் மயக்கமும் அதனால்தான். கையிலிருந்து ரத்தம் எடுத்துப் புட்டியில் வைத்துக் கிருமி வளர்கிறதா என்று சில நாள் பார்ப்பார்களாம். எந்தக் கிருமி என்று தெரிந்தால்தான் சரியான மருந்து போட முடியும்.

அடுத்து செத்த சதையை வெட்டி எடுத்தார்கள். ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே நானும் சுமதியும் உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளை வாணியம்பாடியிலிருந்து லீவு போட்டுவிட்டு வந்து பில் கவுண்டருக்கும் மருந்துக் கடைக்கும் நடந்துகொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து, "எல்லாம் ஆச்சி மாமா, நீங்க கவலப்படாதீங்க" என்பார். எவ்வளவு ஆச்சு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சுமதியின் வெறும் கழுத்தைப் பார்த்து நானாகப் புரிந்துகொண்டேன்.

வார்டில் தினமும் கட்டுப் பிரித்துக் கழுவுவார்கள். அப்போது கமலா போடும் சத்தத்துக்கு வார்த்தை தேவைப்படவில்லை. வெளியே வராந்தாவில் நின்று காதைப் பொத்திக்கொள்வேன். இரவில் அவள் கட்டிலுக்குக் கீழே நியூஸ் பேப்பர் விரித்துப் படுப்பேன். எதிர்க்கட்டில் நோயாளிக்குத் துணையாக வந்த ஜார்கண்ட்காரர், பாஷை தெரியாவிட்டாலும், அவருடைய போர்வையில் பாதியை என் பக்கம் தள்ளிவிடுவார்.

ஒரு நாள் ஜமீலாவும் ருக்மணியும் பார்க்க வந்தார்கள். ஜமீலா ஃப்ளாஸ்கில் டீ கொண்டு வந்திருந்தார். ருக்மணி கமலாவைப் பார்த்தவுடன் அழ ஆரம்பித்துவிட்டார். வராந்தாவுக்குக் கூட்டி வந்து உட்கார வைத்தேன். எனக்கு மனதில் ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருந்தது.

"உனக்கு மூக்கு நல்லாத்தானம்மா இருக்குது. வாரா வாரம் வந்தியே. ஒண்ணும் தெரியலையா?"

அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தெரிஞ்சிதுண்ணா. ஜாஸ்தியாவே தெரிஞ்சிது. பஸ்ஸு விட்டு எறங்கினாலே உங்க தெருவுல ஒரு வாட வரும். வீட்டுக்குள்ளயும் அதுதான்னு நெனச்சிட்டேன். தோல் ஊருல வீடுங்க இப்படித்தான் இருக்கும்போலன்னு."

"கேட்டிருக்கக் கூடாதா?"

"ட்ரெய்னிங்ல மொத நாளே சொன்னாங்கண்ணா. இந்தப் பக்கம் வீடுங்களுக்குப் போனா மூக்கப் பொத்தக் கூடாது, வாடையப் பத்தி வாயே தெறக்கக் கூடாது, அவங்க மனசு நோவும்னு. நான் வெத்தலையக் கசக்கி முந்தானைல முடிஞ்சி வெச்சிக்கினு சமாளிச்சேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. படித்த முண்டங்கள் எவன் இந்தச் சட்டத்தைப் போட்டது என்று வராந்தா அதிரக் கத்தினேன். ஜமீலாதான் என்னை அடக்கினார்.

"நம்மளாலதாண்ணா போட்டாங்க. வெளியூர்லேந்து வந்த பொண்ணுங்க மூக்கப் பொத்துனப்போ நம்ம தெருவே சேந்து சண்டைக்குப் போவல? இனிமே நம்ம வீட்டுப் படி ஏறாதீங்கன்னு சொல்லல?"

உண்மைதான். வெளியூர்க்காரன் எங்கள் ஊரில் கால் வைத்ததும் கைக்குட்டையை எடுத்தால் எங்களுக்குப் பொறுக்காது. சுமதியைப் பெண் பார்க்க வந்த முதல் வரன் வீட்டார் தெருமுனையிலேயே மூக்கைச் சுளித்தார்கள் என்பதற்காகக் காபி கூடக் கொடுக்காமல் அனுப்பினவர்கள் நாங்கள். அப்போது கமலா எனக்கு மேல் குதித்தாள். "இந்த நாத்தத்துலதான் எம் பொண்ணு வளந்தா, புடிக்கலன்னா போவட்டும்" என்றாள். சொன்னவர்கள் எல்லோரையும் விரட்டிவிட்டோம். சொல்லாதவர்கள் மட்டும் வந்து போனார்கள்.

அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. கமலா டேனரிக்குப் போனவள் இல்லை. படுக்கையில் விழும் வரை பருப்பு அடிப்பிடித்ததை வாசலிலிருந்தே கண்டுபிடித்தவள். தன் உடம்பு அழுகுவது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பியதும், கிட்டே வராதே என்று என்னைத் தள்ளியதும் அதனால்தான். நான் கேலி பேசிக்கொண்டு பவுடர் போட்டிருக்கிறேன். அன்றைக்கு அந்த வராந்தாவில் அழுதது போல என் ஆயுசில் நான் அழுததில்லை.

பெரிய டாக்டரம்மா ஒரு நாள் எங்களை உட்கார வைத்துப் பேசினார். நல்ல மனுஷி. சுற்றி வளைக்கவில்லை.

"எலும்பு வரைக்கும் போயிருக்கு. ரத்தத்துல இருந்த கிருமிய அடக்கிட்டோம். ஆனா இந்தக் குழி மூடாது. புதுசா சதை வளர்றதுக்கு அவங்க உடம்புல சக்தி இல்ல."

"எவ்ளோ நாள் இங்க வெச்சிருந்தாலுமா?" என்றாள் சுமதி.

"வெச்சிருந்தாலும்தான். மறுபடி அழுகும். மறுபடி வெட்டலாம். அதுல அவங்களுக்கு வலி மட்டும்தான் மிச்சம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. வலி இல்லாம வெச்சிக்க மாத்திரை தர்றேன். வாடை வந்தா இந்த மாத்திரையப் பொடி பண்ணிப் புண்ணு மேல தூவுங்க, கொஞ்சம் கட்டுப்படும்."

"வாட வந்ததுன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றேன். அவருக்கு என் கதை தெரியும். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது காற்று மெத்தை வந்து இறங்கியிருந்தது. பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு பெரியவர் காலமாகியிருந்தார். குழுவுக்குப் புது நர்ஸும் கிடைத்துவிட்டார். எல்லாம் நேரம் தப்பி வந்தது. வரவேண்டிய ஆள் மட்டும் வரவில்லை. ருக்மணி இனிமேல் தொண்டுக்கே வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். ஜமீலாவைக் கமலாவுக்குத் துணை வைத்துவிட்டு நானே ஒடுகத்தூருக்குப் பஸ் ஏறினேன்.

வீட்டு வாசலில் வேர்க்கடலை காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு பயந்தபடி எழுந்து நின்றார். திட்டத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

"உன்னக் கூப்பிட வந்தேம்மா" என்றேன்.

"எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வர்றதுண்ணா? நான் ஒரு வார்த்த சொல்லியிருந்தா அக்கா..."

"அத வுடு. எங்க தெருவுல இருக்கிறவங்க மூக்கெல்லாம் பழகிப்போச்சி. ஜமீலாவுக்கு எது புண்ணு எது டேனரின்னு பிரிச்சி சொல்லத் தெரியல. நர்ஸு மாசத்துல ரெண்டு தடவதான் வர்றாங்க. எனக்கு ஒரு மூக்கு வேணும். வேற ஒரு வேலையும் நீ செய்ய வேணாம்."

"நல்லதா இல்லன்னாலும் சொல்லணுமாண்ணா?"

"அதுக்குத்தான் கூப்பிடுறேன்."

வந்தார். வாரம் ஒரு நாள் வந்தவர் ரெண்டு மூன்று நாள் வர ஆரம்பித்தார். உள்ளே நுழைந்ததும் பையை வைத்துவிட்டு நேராகக் கமலாவிடம் போவார். குனிந்து கொஞ்ச நேரம் நிற்பார். நான் வாசற்படியில் நின்று பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவன் போலப் பார்ப்பேன். "மருந்து வாடதாண்ணா, வேற ஒண்ணும் இல்ல" என்பார். அன்று பகல் முழுக்க எனக்கு நன்றாகப் போகும். கமலாவும் அந்த நாட்களில் என் பக்கம் திரும்பிப் படுத்தாள். இடது கையால் கஞ்சிக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர்கள் சொல்வதெல்லாம் நடந்துவிடுமா என்ன என்று ஒரு நப்பாசை எனக்குள் தலைதூக்கியது.

போன வாரம் ருக்மணி வந்து குனிந்தவர் சீக்கிரம் நிமிரவில்லை. பிறகு வெளியே வந்து என்னைக் கிணற்றடிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"வந்துடுச்சிண்ணா."

"நிச்சயமாவா?"

"பழைய வாடையேதான். நல்லாத் தெரியுது."

டாக்டரம்மா சொன்னபடி மாத்திரையைப் பொடி செய்து தூவினோம். நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, உள்ளே புதிதாக அழுகுகிறது என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "பெரிய டாக்டர் சொல்லியிருக்காங்களே அய்யா" என்றார். சுமதி போனில் வெகுநேரம் அழுதாள். தெரிந்துகொள்ள வேண்டும், தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒடுகத்தூர் வரைக்கும் போய் ஆள் கூட்டி வந்தேன். தெரிந்துவிட்டது. தெரிந்து செய்வதற்கு ஒன்றும் இல்லை. ருக்மணி கிளம்பும்போது ஒன்று மட்டும் கேட்டேன்.

"பொடி போட்டதுல கொறஞ்சிதாம்மா?"

"கொஞ்சம் கம்மிண்ணா. ஆனா இருக்குது."

அவர் பஸ்ஸுக்குப் போன பிறகு நாற்காலியை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். கமலா விழித்துக்கொண்டுதான் இருந்தாள். அந்த அறையில் அவளுக்கு இருக்கும் நாற்றம் எனக்கு இல்லை. அதில் அவள் தன்னந்தனியாக இருக்கிறாள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. குனிந்து, மூச்சை நன்றாக உள்ளே இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. இன்னும் கிட்டே போய் இன்னொரு முறை இழுத்தேன்.

அவள் இடது கையைத் தூக்கி என் மூக்கைப் பொத்தினாள். எடுக்கவில்லை. நானும் வாயால் மூச்சு விட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.